படையலுக்கு வாங்கிய மாம்பழப் புகை

1

என் தம்பி சிவபாலன் செத்து ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசத்தன்று, படையல் வைத்துச் சாத்திய அறைக்குள் ஏதோ மூச்சிழுத்தது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேருக்கும் கேட்டது.

நான் ஊரில் கணிதம் படிப்பித்தவன். கோயிலுக்குப் போனால் விளக்குகளை எண்ணுவேன். இப்போது கனடாவில், ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் மகள் வீட்டில் இருக்கிறேன். ரெக்ஸ்டேலில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ரயிலும் பஸ்ஸுமாக வரும்போது தரிப்பிடங்களை எண்ணிக்கொண்டு வருவேன். ஒன்று குறைந்தால் நெஞ்சு படபடக்கும். தரிப்பிடம் குறையாது, நான்தான் கண்ணயர்ந்திருப்பேன் என்று தெரிந்தாலும் படபடக்கும். ஆகவே ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேர்தான்.

படையல் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஐயர் வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போனபின், பின்னேரம், செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து இலையில் வைப்போம். பிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம், அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. இங்கே பதினேழாவது மாடியில், படுக்கையறையில், படத்துக்கு முன்னால் அதைச் செய்தோம். ஆவி பறக்கும் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, வடை, ஒரு கிளாஸில் சாராயம். வடைக்குப் பக்கத்தில், சிவபாலனுக்குக் கடைசிக் காலத்தில் விருப்பமாயிருந்த மாம்பழ வாசனை வேப் ஒன்று.

வேப் என்பது சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற கருவி. உள்ளே ஒரு பற்றரி, ஒரு கம்பிச் சுருள், நிக்கொட்டினும் வாசனையும் கலந்த திரவம். வாயில் வைத்து இழுத்தால் கம்பி சூடாகிப் புகை போல ஒன்று வரும்.

சாத்திய கதவுக்குள் முதலில் ஒரு மெல்லிய சீறல் கேட்டது. உதட்டைக் குவித்து ஒருவர் இழுப்பதுபோல நீண்டு, நின்றது. பிறகு மறுபடியும். கதவின் அடியிடைவெளியால் மாம்பழ வாசம் எங்கள் காலடிக்கு வந்தது.

தம்பியின் மனைவி சரஸ்வதி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வந்திட்டார்."

மகன் தயாளன் எழும்பினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரடா. அப்பா ஆறுதலாய்ச் சாப்பிடட்டும்."

ஒருவரும் அசையவில்லை. நானும்தான்.

2

சிவபாலன் மீசை முளைக்க முன்னரே சிகரெட் பற்றத் தொடங்கியவன். ரொறன்ரோவுக்கு வந்து தொழிற்சாலை, பிறகு டாக்ஸி, பிறகு இளைப்பாறிய காலம், எல்லாம் சிகரெட்டோடுதான். நான் அவர்கள் வீட்டில் தங்கும் நாட்களில் சுவருக்கு அப்பால் அவன் இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். இருமல் வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம்.

மாத்திரை, ஒட்டுகிற பட்டை, சூயிங்கம், விரதம் என்று எல்லாவற்றிலும் தோற்றான். கடைசியில் தயாளன்தான் வேப் வாங்கிக் கொடுத்தான். அவனும் அப்படித்தான் சிகரெட்டை விட்டவன். வீட்டுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு கடை இருந்தது. வயது பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். போத்தலில் எவ்வளவு நிக்கொட்டின் என்று எழுதியிருக்கும், அரசாங்கத்தின் தீர்வை முத்திரை ஒட்டியிருக்கும். புகையிலை வாசனையில் தம்பிக்குப் பிடிக்கவில்லை. அது சிகரெட்டை நினைவுபடுத்துகிறது என்றான். மாம்பழம் பிடித்தது. அதற்குப் பிறகு அவன் சிகரெட் வாங்கவேயில்லை.

ஒருமுறை டாக்டரிடம் மொழிபெயர்க்கப் போனேன். "சிகரெட்டை விட்டுவிட்டான், இப்போது ஆவி இழுக்கிறான்" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் மகிழ்ந்து, சுடுதண்ணீரில் முகத்தைச் சுட்டுக்கொள்ள வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் தம்பி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, இனி நீ கணக்கை மட்டும் சொல்லு. கதையை நான் சொல்லுறன்."

வேப் அவனைக் காப்பாற்றியது என்று நான் எழுதமாட்டேன். நுரையீரல் ஏற்கெனவே பழுதாகியிருந்தது, அதனால்தான் செத்தான். வேப்பில் கேடே இல்லை என்றும் எழுதமாட்டேன். கடைசிக் காலத்தில் மாடிப்படியில் நிற்காமல் ஒரு தளம் ஏறினான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவன் செத்த பிறகு அந்தக் கடையும் போயிற்று. பக்கத்து மாகாணத்தில் வாசனை வேப்புகளுக்குத் தடை வந்துவிட்டது, இங்கேயும் வரும் என்று பேச்சு. கடைக்காரர் முதலில் பழவகைகளைக் குறைத்தார். பிறகு கண்ணாடியில் வாடகைக்கு என்று அறிவித்தல் தொங்கியது.

3

இனி நடந்த பிழையைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது.

தம்பி பாவித்த நல்ல கருவி மேசையின் இழுப்பு லாச்சிக்குள்ளேயே இருந்தது, சுத்தமாக, மிச்சத் திரவத்தோடு. படையலுக்கு அதை வைக்கலாம் என்று தயாளன் சொன்னான். சரசு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எச்சில் பட்டதைப் படையலிலை வைக்கிறதே? உன்ரை கொப்பருக்கு எச்சில் கோப்பையிலை சோறு போடுவியோ?"

அதோடு பேச்சு முடிந்தது. படையலுக்குப் போகிறது புதிதாக, ஒருவர் வாயும் படாததாக இருக்க வேண்டும். அவள் சொன்னதில் பிழையில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தவன்.

திவசத்துக்கு முதல்நாள் அவள் பிளாசாவில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குப் போனாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழையிலை எல்லாம் வாங்கினாள். பிறகு, "இவருக்குப் படைக்க ஒரு மாம்பழ வேப் வேணும் தம்பி, எங்கை எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள். கடையில் நின்ற பெடியன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டிக்குக் கீழேயிருந்து ஒன்றை எடுத்துத் தேங்காயோடு பையில் போட்டான். திவசத்துக்கு என்றபடியால் விலையும் குறைத்தானாம்.

"நல்ல பெடியன். எங்கட பக்கத்து ஊர்" என்றாள் என்னிடம். பக்கத்து ஊர்ப் பெடியனிடம் முத்திரை எங்கே என்று கேட்பது அவளுக்கு அவனுடைய தாயை அவமதிப்பதுபோல.

சீறல் நின்ற பிறகு கதவைத் திறந்தோம். உள்கூரையின் கீழே புகை ஒரு படலமாக நின்றது. இலையில் கிடந்த வேப்பின் நுனியில் ஒரு நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது. தயாளன் அதைத் துவாய்த் துண்டால் பிடித்து எடுத்தான். சுட்டது.

அவன் கட்டடங்களில் மின்வேலை செய்கிறவன். பல்கனியில் வைத்து எனக்கு மட்டும் காட்டினான். "பாருங்கோ பெரியப்பா. முத்திரை இல்லை. சட்டப்படி நிக்கொட்டின் இருபது மில்லிகிராமுக்கு மேலை போகேலாது. இதிலை ஐம்பது எண்டு போட்டிருக்கு. அதுகும் உண்மையோ தெரியாது. உள்ளை ஒரு சின்னச் சென்சர் இருக்கும், ஆராவது இழுத்தால்தான் அது வேலை செய்யோணும். சோத்துச் சூட்டிலை, ஆவியிலை, உது ஏமாந்து தன்ரை பாட்டிலை எரிஞ்சிருக்கு. மலிஞ்ச சாமான். பற்றரி வெடிச்சிருந்தால் வீடே போயிருக்கும்."

எனக்கு விளங்கியது. ஆனால் சோற்று ஆவி தம்பி இழுக்கும் நீளத்துக்கே இழுத்ததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

திரும்பிப் பார்த்தால் சரசு பல்கனிக் கதவடியில் நின்றாள். கையை நீட்டினாள்.

"தா அதை. அவர் வாய் வைச்சது."

4

தடை என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரோர்ச் லைற் பற்றரி கொண்டுவரத் தடை. சவர்க்காரத்துக்கும் தடை, பெற்றோலுக்கும் தடை. பற்றரி இல்லாமல் போய்விட்டதா? வானொலியைச் சைக்கிள் டைனமோவில் கேட்டவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் கடைக்குப் பின்பக்கத்தால் போனார்கள். அங்கே கடதாசி உரித்த பற்றரி கிடைத்தது. எங்கே செய்தது, பழையதா புதியதா, ஒன்றும் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த முறை கிடைக்காது. ஒருவர் வீட்டில் அப்படி வாங்கியது கசிந்து வானொலியே கரைந்து போனது. அவர் யாரிடம் முறையிடுவார்?

தயாளன் இப்போது ஒரு வேப் பாவனையாளர் குழுவில் இருக்கிறான். சிகரெட்டை விட்டவர்கள், பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர், கோப்பிக் கடையில் கூடுவார்கள். வாசனைத் தடை பற்றி அரசாங்கம் கருத்துக் கேட்டபோது, கூட்டத்தில் பேச அவனுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. என்னை வைத்துப் பேசிப் பார்த்தான்.

"வயசு கேக்கிற கடையைப் பூட்டினா என்ரை அம்மா மாதிரி ஆக்கள் எங்கை போவினம்? வெத்திலைக் கடைக்கு. அங்கை ஆர் வயசு கேக்கிறது, ஆர் முத்திரை பாக்கிறது?"

"அவங்கள் சின்னப் பிள்ளையளைப் பற்றிக் கேப்பாங்களடா" என்றேன்.

கேட்கத்தானே வேண்டும். விட்பியில் என் பேத்தி அபி பத்தாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூடத்தில் கழிவறைகளில் பாதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் உள்ளே நின்று வேப் இழுப்பதால். நீயும் இழுக்கிறியோ என்று கேட்டேன். காதில் இருந்ததை ஒரு பக்கம் கழற்றினாள்.

"நோ, அம்மப்பா. பட் எவ்ரிபடி டஸ். இட்ஸ் நொட் அ பிக் டீல்."

"என்ன வாசம்?"

"மாங்கோ மோஸ்ற்லி. வை?"

அவள் பதிலுக்கு நிற்காமல் மறுபடியும் காதை அடைத்துக்கொண்டாள். என் பேத்தியோடு நான் கதைக்கும் நீளம் அவ்வளவுதான். அன்று முழுவதும் அவளுடைய அறைப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கை நீட்டினேன்.

பிறகுதான் யோசித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு எவர் விற்கிறார்கள்? வயது பார்க்கிற கடை விற்காது. சரசுவுக்குக் கிடைத்த வழியால்தான் அவர்களுக்கும் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளின் கைக்கு அது போகக்கூடாது. அதில் நான் அரசாங்கத்தோடு நிற்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கடையைப் பூட்டிவிட்டு, வெற்றிலைப் பெட்டியின் அடியை விட்டுவிட்டால், பிள்ளைகளுக்கும் ஒன்றும் நடக்காது, பெரியவர்களுக்கும் சரசுவுக்கு நடந்ததுதான் நடக்கும். இதை எழுத அரசாங்கத்தின் இணையப் படிவத்தைத் திறந்தேன். நீங்கள் யார் என்று கேட்டது: பாவிப்பவர், விற்பவர், சுகாதாரத் துறையினர், பெற்றோர். பாவித்துச் செத்தவரின் அண்ணனுக்கு இடமில்லை. பெற்றோர் என்று அழுத்தினேன். பிள்ளையின் வயதைக் கேட்டது. என் மகளுடைய வயதைப் போட்டேன், ஏற்கவில்லை. அபியின் வயதைப் போட்டபிறகுதான் உள்ளே விட்டது.

தயாளன் அந்த வேப்பைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட விரும்பினான். தாய் கொடுக்கவில்லை.

"உன்ரை கொப்பரைக் கொண்டுபோய் மேசையிலை வைச்சு ஆக்களுக்குக் காட்டப் போறியோ?"

"அம்மா, உது அப்பா இல்லை. உது சென்சர்!"

அன்றிலிருந்து அவள் அவனோடு கதைக்கவில்லை. அவன் வேப்பின் படத்தைக் காட்டி மூன்று நிமிடம் பேசினான். நன்றி என்றார்களாம். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

5

அவள் அதைத் தம்பியின் பழைய போன் வயரில் மின்னேற்றி வைத்திருக்கிறாள் என்று தயாளன் எனக்குப் போனில் சொன்னான். வெள்ளிக்கிழமைகளில் படத்தடியில் சுடுசோற்றோடு வைக்கிறாள். மற்ற நாட்களில் தலையணைக்குப் பக்கத்தில்.

"நான் சொன்னாக் கேக்கமாட்டா. நீங்கள் ஒருக்கா வாங்கோ பெரியப்பா. பிறகு ஏதும் நடந்தால் நான் தாங்கமாட்டன்."

அவளுடைய கட்டடத்தில் இருபது மாடி. மாடிக்குப் பன்னிரண்டு வீடு. லிஃப்ற்றில் ஏறும்போது பெருக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அவள் சோறு வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். சுவரோரம் இரண்டு நாற்காலி போட்டிருந்தாள், நான் வருவேன் என்று தெரிந்தவள்போல.

"பிள்ளை, அந்தப் பற்றரி..." என்று தொடங்கினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான். இப்ப வருவார்."

இருந்தோம். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓய்ந்தது. அப்போது கேட்டது, அந்தச் சீறல். நீண்டு, நின்று, மறுபடியும். எனக்குச் சென்சர் தெரியும், ஆவி தெரியும், கம்பிச் சுருள் தெரியும். எல்லாம் தெரிந்தபடியே, "சிவம்" என்று கூப்பிட வாய் உன்னியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது. பதில் வந்திருக்கும் என்றா, வந்திராது என்றா, எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் சீறல் நிற்கவில்லை. பிறகு வந்த வாசம் மாம்பழம் இல்லை. பட்டு கருகுகிற நாற்றம்.

நான்தான் கதவைத் திறந்தேன். படத்துக்குக் கீழே அவள் தன் கலியாணக் கூறைச் சேலையை மடித்து விரித்திருந்தாள். வேப் இலையிலிருந்து உருண்டு அதன்மேல் கிடந்தது. சுற்றிவரப் பட்டு கறுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. சாராயக் கிளாஸ் ஒரு சாண் தூரத்தில். குழம்புக் கரண்டியால் வேப்பைத் தட்டித் தட்டிக் குளியலறைத் தரைக்குக் கொண்டுபோனேன். சேலையைத் தண்ணீரில் அமிழ்த்தினேன்.

சரசு வாசலில் நின்றாள். அழவில்லை.

"அத்தான், இது அவர் இல்லை."

எனக்கு உயிர் வந்தது. "ஓம் பிள்ளை. தயாளன் சொன்னவன்தானே, பற்றரி மலிஞ்சது..."

"என்னைக் கட்டி நாப்பது வருசம் சிகரெட் பத்தினவர். ஒரு சீலையிலை, ஒரு மெத்தையிலை, ஒரு பொட்டுச் சுட்டதில்லை. சாம்பலைக் கூடக் கையைக் குழிச்சு ஏந்துவார். என்ரை கூறையைச் சுடுவாரே?" ஈரச் சேலையைத் தூக்கி ஓட்டைக்குள்ளால் விரலை விட்டுப் பார்த்தாள். "இது வேறை ஆரோ. வீடு மாறி வந்த ஆள்."

"ஆர்?"

"எனக்கென்ன தெரியும்? இடந்தெரியாமல் வந்திருக்கும்." சேலையைப் பிழிந்தாள். "திவசத்திலையிருந்து இந்த ஆள்தான் சாப்பிட்டிருக்கு. அப்ப அவர் எங்கை சாப்பிட்டார், அத்தான்?"

6

அடுத்த நாள் தயாளன் காரோடு வந்தான். வேப்பை மணல் நிரப்பிய தகர வாளிக்குள் புதைத்துக் காரின் பின்பெட்டிக்குள் வைத்தான். இதுபோன்ற சாமானைக் குப்பையில் போட முடியாது. நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சரசுவும் வருவேன் என்றாள். மடியில் ஒரு துணிப்பை. வழியில் அவள் மகனோடு கதைத்தாள், அந்தச் சண்டைக்குப் பிறகு முதல்தடவையாக.

"கண்ணாடியை ஏத்து. குளிருது."

அவன் உடனே ஏற்றினான். அவன் கண் கலங்கியதைப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் கண்டேன்.

அந்த இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பெயின்ற் வாளி, பழைய பற்றரி, எண்ணெய்க் கலன். செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை எங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒரேயொரு வேப் என்று தயாளன் சொன்னான். அவள் வாளிக்குள்ளிருந்து இடுக்கியால் அதை எடுத்து, எங்களை ஒரு பீப்பாவுக்குக் கூட்டிப்போனாள்.

சரசு துணிப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்தாள். வாழையிலையில் கட்டிய சோறு. இன்னும் சூடாக இருந்தது.

"பசியோடை வந்த ஆள். வெறுவயித்தோடை அனுப்பக் கூடாது. இதையும் உள்ளை வைக்கேலுமோ எண்டு கேளடா."

தயாளன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் கேட்டான். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. சாப்பாட்டுச் சாமான் போட முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். பிறகு மூடியைத் திறந்தாள்.

பீப்பாவின் விளிம்புவரை வேப்புகள். மஞ்சள், ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு. மாம்பழமும் முலாம்பழமும் புதினாவும் கலந்து ஒரு வாசம் முகத்தில் அடித்தது. குவியலுக்குள் ஒன்று நீலமாக எரிந்து அணைந்தது. வேறோர் இடத்தில் இன்னொன்று. அடியில் எங்கேயோ, மெல்ல, ஏதோ மூச்சிழுத்தது.

எங்களுடையதை அந்தப் பிள்ளை மேலே வைத்தாள். சரசு பொதியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் நீல வெளிச்சம் வந்து போனது.

"இவ்வளவு பேரோ, அத்தான்?" என்றாள். "நான் ஒரு பொதிதானே கட்டிக்கொண்டு வந்தனான்."